"வலிக்கு!" என்ற குரல்

எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றுக்கு மேற்பார்வையாளராகப் போனேன். ஓரிடத்தில் நிற்கமாட்டேன், சட்டென்று உத்தரவு போடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

முதல் வாரம், கப்பியில் கயிறு போட்டு மூட்டையை மச்சுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற சுமைத் தொழிலாளி வறீது சேட்டன், "வலிக்கு! வலிக்கு!" என்று கத்தினார். அவர் கை கயிற்றில் மாட்டிக்கொண்டது என்று பதறி, "கயித்த விடுங்க!" என்று அலறியபடி மூட்டைக்கு அடியில் ஓடினேன். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். மூட்டை என் தோளை உரசிக்கொண்டு விழுந்து வெடித்தது.

வறீது சேட்டன் இறங்கி வந்தார். "மலையாளத்துல வலிக்குன்னு பறஞ்ஞா இழுன்னு அர்த்தம் சாரே! விடச் சொன்னது ஆரு?"

இன்றும் என் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆனால் யார் கத்தினாலும் முதலில், "எந்தா வேண்டது? என்ன வேணும்?" என்று கேட்டுவிடுகிறேன். பதில் வரும்வரை கயிறு யார் கையிலிருந்தும் நழுவுவதில்லை.