மக்ரோனிக்குக் காரம் பார்த்த நாட்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து முதல் லீவில் வந்தபோது, போடியில் எங்கள் தெருவே கூடி நின்று அவர் பெட்டியைப் பார்த்தது. டேப்ரிக்கார்டர் வரும், செண்ட்டு பாட்டில் வரும் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். திறந்தால் எனக்கு ஒரு சேலை, அவருடைய அம்மாவுக்கு ஒரு போர்வை. மீதி முழுக்க அட்டை டப்பாக்கள். வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். நான் தொங்கப் போடவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணமான வருசமே வெளிநாடு போனவர் அவர். முதல் வருசம் அழுதுகொண்டே இருந்தேன். அடுத்த வருசம் அழுகை தானாக நின்றது. அதற்கப்புறம் தபால்காரர் மணியடித்தால்கூட எழுந்து போகத் தோன்றவில்லை. நாலு வருசம் கழித்து வாசலில் நின்றவரைப் பார்த்து "வாங்க" என்றேன். விருந்தாளியைச் சொல்வதுபோலத்தான் வந்தது. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது.

மறுநாள் அவர் தூங்கும்போதே ஒரு டப்பாவைப் பிரித்தேன். வளைந்த குட்டிக் குழாய்களாக மக்ரோனி. கூடவே ஒரு பொட்டலத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி. எங்கள் ஊரில் அந்த நிறத்தில் ஒரு பொடி இருந்தால் அதில் மிளகாய் இல்லாமல் இருக்காது. வெளிநாட்டு மசாலா என்று நினைத்துக் கருவாட்டுக் குழம்பில் கொட்டிவிட்டேன். குழம்பு திரண்டு, திரிந்த பால் வாடை அடித்தது. கருவாட்டு வாடையையே அமுக்கிவிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அது மசாலா இல்ல. சீஸு. பால்கட்டியக் காயவச்சுப் பொடி பண்ணினது."

நான் சிரிக்கவில்லை. நல்ல கருவாடு வீணாய்ப்போன எரிச்சல் எனக்கு.

அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் கேம்ப்பில் அவருக்குச் சமையல்கட்டு வேலை. இந்த மக்ரோனியைத்தான் அண்டா அண்டாவாகக் கிண்டுவார்களாம். அதை வைத்து அவர் மனதில் ஒரு திட்டம் போட்டிருந்தார். நம் ஊர்க் காரத்தை ஏற்றி, விடியற்காலையில் ஜீப்பு நிற்கிற இடத்தில் மலைக்குப் போகிற சனத்துக்கு விற்பது. மேலே குளிரில் ஏலக்காய் எடுக்கிறவர்களுக்குச் சுரீரென்று ஏதாவது வேண்டும், இட்லிக்கடைக்காரர்களிடம் அது கிடையாது என்றார். டப்பா தீர்ந்தாலும் கவலையில்லை, மக்ரோனியை மெட்ராசில் வாங்கிக்கொள்ளலாம், பொடிக்கு நாமே ஒரு வழி பண்ணலாம் என்றார்.

"சனத்துக்குப் பிடிச்சுப் போச்சுன்னா நான் திரும்பப் போக வேண்டியதில்ல."

"பிடிக்காட்டி?"

"லீவு முடியவும் போறதுதான். சும்மா உக்காந்தா ஓடி வந்துட்டான்னு ஊரு பேசும். பழையபடி ஜீப்புல ஏறி ஏலக்காய்க் காட்டுக்கும் போக முடியாது."

அது உண்மைதான். வெளிநாடு போய் வந்தவன் கூலிக்கு மலையேறினால் எங்கள் ஆட்கள் சிரித்தே கொன்றுவிடுவார்கள். ஆக, அவர் இருப்பதும் போவதும் அந்த மக்ரோனி கையில் என்று ஆனது. எனக்குப் படபடப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன், அவ்வளவுதான்.

பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்த மனுசன், நாலு வருசம் சப்பென்று தின்றதில் காரம் தாங்காதவராகிவிட்டார். ஒரு வாய் வைத்தால் விக்கல். "எனக்கு ஒறைக்கிறது கணக்குல சேராது. நீதான் சொல்லணும்" என்று என் நாக்கைத்தான் நம்பினார்.

முதலில் வறமிளகாயும் பூண்டும் அரைத்துப் போட்டோம். நான் தின்பேன், அவர் எதிரே குந்தி என் முகத்தையே பார்ப்பார்.

"ஒறைக்குதா?"

"கொஞ்சம்."

அந்தப் பால் வாடை காரத்தை அமுக்கிவிடும். மிளகாயை இரட்டிப்பாக்கினோம். அடுத்து மிளகும் சின்ன வெங்காயமும் இடித்துப் போட்டோம். அது தொண்டையில் காந்தியது, நாக்கில் ஒன்றும் இல்லை. அவர் விடுவதாயில்லை. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்க்கிற எதிர்வீட்டு மதினியிடம் சொல்லிக் காந்தாரி மிளகாய் கொண்டுவரச் சொன்னார். நகக்கண் அளவுதான் இருக்கும், மலையாளத்துக்காரர்கள் மரவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்வது. அதை உப்போடு நசுக்கி மக்ரோனியில் கிளறிக் கொடுத்தார். இரண்டு வாய் தின்றேன். உதடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காதுக்குள் கொய்யென்று சத்தம்.

"ஒறைக்குதா?"

தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்த ஞாபகமில்லை. மறுநாளும் எனக்கு நாக்கு மரத்தே கிடந்தது. காப்பியும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன. அதைப் பெரிய வித்தியாசமாக நான் உணரவில்லை என்பதுதான் வேடிக்கை.

விடிகாலையில் மதினிக்கும் அவளோடு மலையேறுகிற பெண்களுக்கும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தோம். ஜீப்புக்குக் காத்து நின்றபோதே சிலர் சூடாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஆத்தாடி, என்னா காரம், நல்லாருக்குண்ணே" என்றார்கள். அவர் நடந்து வரவில்லை, பறந்து வந்தார். பகல் முழுக்கக் கடை எந்தப் பக்கம் போடலாம், பெஞ்சு வேண்டுமா என்று பேசினார். நான் ம் கொட்டினேன்.

சாயங்காலம் மதினி தூக்குவாளியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவள் வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"கொழுந்தனாரே, மத்தியானம் தெறந்து பாத்தா பசை மாதிரி இறுகிக் கெடக்கு. ஆளுயர நோட்டீசே ஒட்டலாம். வழிச்சுத் தின்னவளுகளும் மூணு மணிக்கே பசி பசின்னு உக்காந்துட்டாளுக. எங்களுக்குச் சோறுதான் தாங்கும். காரத்துக்கு ஒரு மிளகாயக் கடிச்சுக்கிருவோம்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும்தான். இருவரும் மலையேறிப் பிழைத்த வீட்டில் பிறந்தவர்கள். விடியுமுன் அடைக்கிற சோறு உச்சிப் பொழுதில் அட்டைப்பூச்சிக் கடிக்கு நடுவே ஆறிப்போய்த்தான் தின்னப்படும். காரத்தையே பார்த்துப் பார்த்து, ஆறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மலைச்சோற்றை மறந்துபோகிற அளவுக்கு அவர் வெகுதூரம் போயிருந்தார். உள்ளூரிலேயே இருந்த நானும் மறந்திருந்தேன்.

அவர் வாளியைக் கழுவிக் கொடுத்தார். "சரி மதினி" என்றார். அதற்குப் பிறகு கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

லீவு முடிவதற்கு முந்தின மத்தியானம் ஒரே ஒரு டப்பா மிஞ்சியிருந்தது. அவரே அடுப்படிக்கு வந்து கிண்டினார். மிளகாய், பூண்டு, மிளகு எதையும் தொடவில்லை. டப்பாவில் போட்டிருக்கிற மாதிரியே பாலும் வெண்ணெயும் பொடியும் மட்டும் சேர்த்து, ஒரு தட்டில் எனக்குப் போட்டுக் கொடுத்தார்.

"அங்க இப்படித்தான்" என்றார்.

தின்றேன். பல்லுக்கு வேலையே இல்லை. உப்பு, கொஞ்சம் பால், வழவழப்பு. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. அடுத்த வாயும் அதே. ராத்திரி வேலை முடிந்து, மற்றவர்கள் தின்ற மிச்சத்தை அண்டாவிலிருந்து வழித்து, கட்டிலில் உட்கார்ந்து தின்பேன் என்று வந்த புதிதில் சொல்லியிருந்தார். அன்றைக்கு அதைக் காதில் வாங்காமல் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சாப்பாடு என் வாய்க்குள்ளேயே இருந்தது. நாலு வருசமாக இதையா தின்றார் இந்த மனுசன்? கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தட்டிலேயே விழுந்தது.

அதில் மிளகாய் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர்தான் கிண்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருந்துருங்க" என்றேன்.

"எந்தச் சோலிக்கு?"

அதற்குப் பதில் கண்டுபிடித்துச் சொல்ல எனக்கு இன்னும் நாலு நாள் தேவைப்பட்டிருக்கும். நாலு நாள் இல்லை.

மறுநாள் மதுரை பஸ்சில் ஏற்றிவிடப் போனேன். பழக்கப்பட்ட ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஜன்னலுக்குக் கீழே நானும் வழக்கம்போல மரமாக நின்றேன். பஸ்சு உறுமிக்கொண்டு நகர்ந்ததும் எனக்கு என்ன ஆனதோ, கூடவே ஓடிப் பஸ்சின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் அறைந்தேன்.

"ஏங்க! அடுத்தவாட்டி டப்பா கிப்பா ஒண்ணும் வேணாம். நீங்க வெறுங்கையோட வாங்க. ஊரு என்ன வேணா பேசட்டும். வந்தா நானும் நீங்களும் ஜீப்புல ஏறி மலைக்குப் போவோம், கேட்டுச்சா?"

பஸ்சு ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் காதைக் காட்டினார், சத்தத்தில் கேட்கவில்லை என்று. திருப்பிச் சொல்வதற்குள் பஸ்சு தேனி ரோட்டுக்குத் திரும்பிவிட்டது.