நாகஜோதியின் ஹார்டு டிஸ்க்கும் நாலாம் லைன் பிளக்கும்

பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தக் கம்பெனியில் என்னைக் கேட்டுவிட்டு ஒரு பிளக்கைச் சொருகியவர் யாரும் இல்லை. ஓட்டை கண்ணில் பட்டால் போதும், சொருகிவிடுவார்கள். போன் சார்ஜர், டேபிள் பேன், வெந்நீர் போடுகிற கம்பி. ஒரு தடவை ஒருத்தர் முட்டை அவிக்கிற டப்பாவைக் கொண்டுவந்து தையல் மெஷின் லைனில் சொருகிவிட்டார். லோடு தாங்காமல் பீஸ் போனால் மட்டும் எலக்ட்ரீசியன் மருதாசலம் எங்கே என்று என்னைத் தேடுவார்கள். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனால் ஒரு ஒயர் எவ்வளவு தாங்கும் என்று கையில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்டுச் சொருகிய ஒரே ஆள் நாகஜோதி. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அம்மாவோடு வந்தவள். வந்தபோது இருபது வயது இருக்கும். செக்கிங் டேபிளில் பிசிறு வெட்ட நிறுத்தினார்கள். வேலை நேரத்தில் வாயைத் திறக்க மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பெட்டி அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கம் துணிக்கு மார்க் போடுகிற பென்சிலால் ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் எங்கள் பெரிய முதலாளி கந்தவேல் அந்த அட்டையைப் பார்த்துவிட்டார். குடை பிடித்துக்கொண்டு போகிற யானை. அவர் எதற்கும் சிரிக்காத மனுஷன். அன்றைக்குச் சிரித்தார். அடுத்த வாரம் அவளை டிசைன் ரூமில் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்பினார்.

அதற்கப்புறம் பதினாலு வருஷம், எங்கள் கம்பெனிக் குழந்தை பனியன்களில் ஏறிய பிரிண்ட் எல்லாம் அவள் வரைந்தது. செருப்புப் போட்ட கோழி, பல் விளக்குகிற முதலை, கண்ணாடி மாட்டிய ஆமை. எந்தெந்த நாட்டுக் குழந்தைகள் அந்த முதலையை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்தார்களோ தெரியாது. அவளும் கேட்டதில்லை. அவளிடம் எதைச் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “இருக்கட்டும்ணே.” டிசைன் ரூம் ஏ.சி. பழுதாகி மூன்று வாரம் நான் கண்டுகொள்ளாமல் இருந்தபோதும் அதேதான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். திட்டினாலாவது வேலை சீக்கிரம் நடக்கும்.

வரைந்தது அத்தனையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. அவள் சொந்தக் காசில் வாங்கியது. வெட்டு மிச்சமான பனியன் துணியில் சுற்றி, சோற்றுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவாள்.

பெரியவருக்கு முடியாமல் போய், மகன் இளங்குமரன் வந்தார். வந்ததும் டிசைன் ரூமைக் கண்ணாடி போட்ட மீட்டிங் ரூம் ஆக்கினார். கம்ப்யூட்டர் ஆபீசுக்குள் போனது. அதில் வெளி டிஸ்க் எதையும் மாட்டக்கூடாது, வைரஸ் வரும் என்று உத்தரவு. நாகஜோதிக்கு ஒரு டேப்லெட்டும் அதில் வரைகிற பேனாவும் கொடுத்தார். இனி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வரையலாம் என்றார். அந்த எங்கே வேண்டுமானாலும் என்பது கடைசியில் தையல் செக்‌ஷனில் நாலாம் லைன் முடிகிற இடத்துத் தூணடி ஆனது. ஒரு பக்கம் ஓவர்லாக் மெஷின் சத்தம், மறுபக்கம் அட்டைப் பெட்டி அடுக்கு.

அவள் தூணில் இருந்த பிளக்கைக் காட்டி, “அண்ணே, இதுல சொருகிக்கிறவா?” என்று கேட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தாராளமாகச் சொருகு அம்மிணி என்றேன். அப்படி நான் சொன்னதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இளங்குமரன் அவளைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய விலங்குப் படங்கள் எல்லாவற்றையும் பையர், அதாவது பனியன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், மறுபடி கேட்கிறார்களாம். திங்கட்கிழமை பையர் ஆபீசிலிருந்து தேவிப்பிரியா என்கிற அம்மா வருகிறார். மூலப் படத்தைத் திறந்து, அவர் சொல்கிற நிறத்தை அங்கேயே மாற்றிக் காட்ட வேண்டும். பழைய படம் கையில் இல்லையென்றால் வெளியே டிசைன் சென்டரில் புதிதாக வரையச் சொல்லிவிடலாம் என்றார். அதோடு நிறுத்தவில்லை. செக்கிங்கில் ஆள் குறைவாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். செக்கிங் ஆளுக்கும் எலக்ட்ரீசியனுக்கும் என்ன சம்பந்தம்? யாருக்குச் சொன்னார் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

அன்றைக்கே டிஸ்க்கை டேப்லெட்டில் மாட்டினாள். டிஸ்க்கில் விளக்கு எரிந்தது. அப்புறம் டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். டேப்லெட்டில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. அதிகமாகக் கரண்ட் இழுக்கிறதாம் என்று படித்துச் சொன்னாள். ஆனால் அதே டேப்லெட்டில் பென் டிரைவ் ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் டிஸ்க்கில்தான் கோளாறு என்று அவளுக்குப் பயம்.

எனக்குச் சத்தத்தைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. பென் டிரைவில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. இந்த டிஸ்க்குக்குள் ஒரு தட்டு இருக்கிறது, அதைச் சுற்ற ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. எந்த மோட்டாரும் கிளம்பும்போதுதான் அதிகமாக இழுக்கும். டேப்லெட் தன் பேட்டரியை வைத்துக்கொண்டு தன்னையே காப்பாற்றிக்கொள்கிற சாதனம். அது எங்கே இன்னொரு மோட்டாருக்குப் போடும்? தட்டு கிளம்பப் பார்க்கும், தெம்பு போதாமல் நிற்கும், மறுபடி கிளம்பும். அதுதான் டிக், டிக்.

இதைக் கம்ப்யூட்டர் கடைக்காரனுக்குப் புரிய வைக்க ஒரு பாடு பட்டேன். முதல் நாள் அவன் ஒரு ஹப் கொடுத்தான். ஒரு ஒயரில் நாலு வாய் இருந்தது. மாட்டினால் பழையபடி டிக், டிக். ஒரு குழாயில் நாலு திருகு வைத்தால் தண்ணீர் கூடுமா? திரும்பப் போய்ச் சத்தம் போட்டு, தனி அடாப்டரோடு வருகிற ஹப்பை வாங்கி வந்தேன். டிஸ்க்குக்கு வேண்டிய கரண்டை இந்த அடாப்டர் சுவரிலிருந்து கொடுக்கும். டேப்லெட் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அடாப்டரைத் தூண் பிளக்கில் சொருகினேன். டிஸ்க் உய்ய்ங் என்று கிளம்பி ஒரே சீராகச் சுற்றியது. பதினாலு வருஷம் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. நாகஜோதி சிரித்தாள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் வந்து நின்றாள். படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே டேப்லெட்டிலிருந்து டிஸ்க் மறைந்துவிட்டதாம்.

அவள் செய்தது இதுதான். படங்களை டேப்லெட்டுக்கு ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறும்போது வரைந்தால் டேப்லெட் திக்கும். அதனால் டீ மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் ஏற்றவிட்டு, மணி அடித்ததும் டீக்குப் போய்விடுவாள். வந்து பார்த்தால் டேப்லெட் பளிச்சென்று எரிகிறது, ஹப்பில் விளக்கு எரிகிறது, டிஸ்க்கில் விளக்கு எரிகிறது. ஆனால் பாதிதான் ஏறியிருக்கும். ஏறிய பாதியும் திறக்காது.

நான் போய்ப் பார்க்கும் நேரமெல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்று மணிக்குப் பார்த்தேன், ஒழுங்கு. ஐந்தே காலுக்குப் பார்த்தேன், ஒழுங்கு. நான் நிற்கும்போது காட்டாத கோளாறைப் போல எலக்ட்ரீசியனைக் கேவலப்படுத்துவது வேறு இல்லை. கேபிளை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். பிளக் பாயின்டைக் கழற்றி ஸ்குரூவை இறுக்கினேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதே கதை. சனிக்கிழமை இரண்டு தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் டிஸ்க்கே டேப்லெட்டின் கண்ணில் பட்டது. அதற்கும் இருக்கட்டும்ணே என்றாள். குரல்தான் இறங்கியிருந்தது.

கடைசியில் முனீசைப் பிடித்தேன். அவன் நாலாம் லைனில் ஓவர்லாக் ஓட்டுகிறவன், சாத்தூர்ப் பக்கம். எந்நேரமும் அதே தூணில் இரண்டாவது ஓட்டையில் அவன் போன் தொங்கும். இவன்தான் போனை மாட்டுகிற சாக்கில் அடாப்டரை ஆட்டிவிடுகிறான் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். லைன் முழுக்கப் பார்க்கச் சார்ஜரைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “ஈபி ஆபீசையும் உங்க பைக்குள்ளயே வச்சுக்கோங்கண்ணே” என்று அவன் சொல்ல, பக்கத்து மெஷின்காரிகள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பத்தரைக்கு வரவேண்டிய தேவிப்பிரியா பத்து நாற்பதுக்கு வந்தார். இளங்குமரன் அவரை நேராக நாலாம் லைன் தூணடிக்கே கூட்டிவந்துவிட்டார். டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது. நாகஜோதி யானையைத் திறந்தாள், குடையைப் பச்சை ஆக்கினாள். தேவிப்பிரியாவுக்குப் பிடித்துவிட்டது. முதலையைக் கேட்டார். நாகஜோதி அதைத் தொட்டாள். நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நல்லபடியாகப் போகிறது என்று என் வேலையைப் பார்க்க நடந்தேன்.

பத்து நாற்பத்தைந்துக்கு மணி அடித்தது. நான் திரும்பி வந்தபோது அவர்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டேப்லெட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதில் முதலையும் இல்லை, யானையும் இல்லை. நாகஜோதி கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். தேவிப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தார். இளங்குமரன் அவரை டீக்குக் கூட்டிப்போனார். போகும்போது திரும்பி, “ஏனுங்ணா, இதெல்லாம் நமக்கு ஒத்து வராதாட்டிருக்குது. வெளியவே குடுத்துப்போடலாம்” என்றார். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

டீ முடிந்தபின் மாட்டினோம். உய்ய்ங் வரவில்லை. டிக், டிக்.

என் ஆத்திரம் முழுவதும் முனீஸ் மேல் திரும்பியது. சார்ஜர் என் பையில்தான் இருக்கிறது, ஆனாலும் வேறு சார்ஜர் கொண்டுவந்திருப்பான் என்று போய்க் கத்தினேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, அந்தத் தூண்ல டீ டயத்துல என் போனே சார்ஜ் ஏறாது. மெயினை நீங்க எறக்கிட்டுப் போயிர்றீக. அப்பறம் நான் எதைப் போயி ஆட்டுறது?”

நான் மெயின் போர்டு இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் டீ மணி அடித்தால் மெஷின் லைனுக்கான மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். சும்மா நிற்கிற மோட்டார் கரண்ட் குடிக்கும், யாராவது கையை விட்டால் ஊசி ஏறிவிடும் என்று பெரியவர் வைத்த சட்டம். லைட் தனி லைன், அது எரிந்துகொண்டே இருக்கும். பத்தொன்பது வருஷமாக ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல் இறக்குகிறவன் நான். முதலில் மெயின், அப்புறம்தான் எனக்கு டீ. அன்றைக்கு நான் பார்க்க நடந்த வேலையும் அதுதான். டிசைன் ரூம் பிளக் லைட் லைனில் இருந்தது. தூண் பிளக் மெஷின் லைனில் இருக்கிறது. அந்த லைனை இழுத்ததும் நான்தான். டேப்லெட்டுக்குள் பேட்டரி இருப்பதால் அது எரிந்துகொண்டே இருந்து எல்லார் கண்ணையும் கட்டிவிட்டது. மோட்டார் சுற்றும்போதே நாள் தவறாமல் கழுத்தைப் பிடித்து நிறுத்தினால் எந்த டிஸ்க் தாங்கும்?

முனீசின் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில், யாரையும் கேட்காமல், லைட் லைனிலிருந்து தூணுக்குத் தனி ஒயர் இழுத்தேன். நாகஜோதியைக் கூப்பிட்டு அதில் மாட்டினேன். ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் டிஸ்க் கிளம்பியது. கடைசி மூன்று வருஷப் படங்கள் வந்தன. அதற்கு முந்தியது எல்லாம் பெயர் மட்டும் இருந்தது, தொட்டால் திறக்கவில்லை. யானை, கோழி, முதலை, ஆமை எல்லாம் அதற்கு முந்தியவை.

“அம்மிணி, மெயினை எறக்கினது நாந்தான்” என்றேன்.

“தெரியும்ணே. மணி அடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“அப்பறம் ஏன் அந்தாளுகிட்டச் சொல்லுல?”

“சொன்னா நின்னது சுத்தவா போகுது?” என்றாள். டிஸ்க்கைத் துணியில் சுற்றினாள். அன்றைக்கு இருக்கட்டும்ணே வரவில்லை.

இளங்குமரனிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டே கேட்டார். வெளியே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமுங்கண்ணா என்றார். யார் மனசில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புதன்கிழமை நாகஜோதி செக்கிங் டேபிளில் நின்றாள். பதினாலு வருஷத்துக்கு முந்தி நின்ற அதே மூலை, கையில் அதே மாதிரி பிசிறு வெட்டுகிற கத்தரி. வெளி சென்டரிலிருந்து வந்த யானை பனியனில் ஏறி அவள் கைக்கே வந்தது. குடை இருந்தது, நடை இல்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிசிறை வெட்டி அடுக்கினாள்.

இரண்டு மாதம் அப்படி நின்றாள். டீ நேரத்தில் நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். அப்புறம் பெருமாநல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டரோடு இடம் கிடைத்தது என்று முனீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசி நாள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சோற்றுப் பையோடு நேராக மெயின் போர்டு இருக்கிற இடத்துக்கு வந்தாள். தூணடியில் பனியன் அளவுகளைப் பதிவதற்கு வேறு ஒரு பெண்ணை டேப்லெட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் பழைய மெஷின் லைன் பிளக்கிலேயே சொருகியிருந்தாள். நாகஜோதி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஹப்பை நீயே எடுத்துக்கொண்டு போ என்றேன். அது கம்பெனிப் பொருள், அந்தப் பிள்ளைக்கு ஆகும் என்றாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வழக்கமான பதில்தான் வரும் என்று நினைத்துக் கேட்டது.

அவள் மெயின் கைப்பிடியைக் காட்டினாள்.

“இனிமே இதை எறக்குறதுக்கு முந்தி, அந்தத் தூணடியைப் பாத்து ஒரு கொரல் குடுத்துருங்கண்ணே.”