ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு

மார்கழியில் கல்யாணம் கிடையாது. என்னைப்போல் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு நிம்மதியாக வெளியூர் போகக் கிடைக்கும் மாதம் அதுதான். ஆடியும் உண்டு, ஆனால் ஆடியில் அந்தமான் கடல் மோசமாக இருக்கும் என்று சொன்னார்கள். சென்ற தையிலிருந்து கார்த்திகை வரை ஐம்பத்து நான்கு கல்யாணங்கள் எடுத்திருக்கிறேன். முதலாவது என் மகளுடையது. அதன் ஆல்பம் மட்டும்தான் கொடுபடாமல் பதினோரு மாதம் கிடந்தது. வெளியாருக்கு ஆறு வாரத்துக்கு மேல் நான் தவணை சொன்னதில்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் மார்கழி மூன்றாம் நாள் சென்னையில் கப்பல் ஏறினேன். மகள் கலாவும் மாப்பிள்ளை சேகரும் போர்ட் பிளேரில், மரைன் ஹில் அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறார்கள். சேகர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். அந்தமான் போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் விவரங்களை வரிசையாக எழுதுகிறேன். சொந்த விஷயமும் நடுவில் வரும். அதை எடுத்துவிட்டால் நான் போனதற்கே காரணம் இல்லை.

என் கணவர் திருச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் இறந்தபோது கலாவுக்கு ஒன்பது வயது. கல்லூரியில் வேதியியல் படித்திருந்ததால் ஃபிலிம் கழுவும் இருட்டறை வேலை எனக்குப் பழக்கம். கேமராவைத் தொட்டது அதற்குப் பிறகுதான். கணவனை இழந்தவள் மணவறைப் பக்கம் வரலாமா என்று முணுமுணுத்தவர்கள்கூட, கையில் கேமரா இருந்தால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இந்த வேடிக்கையை நான் பல வருஷம் உள்ளூர ரசித்திருக்கிறேன். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்டவள் என் மகளின் கல்யாணத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாரை வார்க்க யார் நிற்பது என்று பேச்சு வந்தது. "அம்மாதான் தண்ணி விடணும்" என்றாள் கலா. என் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, பொண்ணு இஷ்டம்" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். "எனக்குப் படம் எடுக்கிற வேலை இருக்கு. அண்ணனும் அண்ணியும் நிக்கட்டும்." அண்ணி தண்ணீர் விட்டபோது நான் எட்டடி தள்ளி கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். அந்தப் படமும் அடுத்ததாக எடுத்த தாலி கட்டும் படமும் ஆல்பத்தில் இல்லை. ஃபிளாஷ் எரியவில்லை என்று கலாவிடம் சொன்னேன். பங்குனியில் போர்ட் பிளேரிலிருந்து அவள் ஒரே ஒரு கடிதம் எழுதினாள். "ஊரார் கல்யாணத்தில் எல்லாம் எரிகிற ஃபிளாஷ்தானே அம்மா" என்று அதில் ஒரு வரி. அதன் பிறகு மாப்பிள்ளைதான் எழுதினார்.

இனி பயணம். கப்பல் மாதத்துக்கு இரண்டு முறை, சில மாதம் மூன்று முறை. தேதியை முன்கூட்டியே நம்பிவிடக் கூடாது. எனக்கே இரண்டு நாள் தள்ளிப்போனது. அடித்தளத்தில் அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்புக்கு எண்பத்திரண்டு ரூபாய், சாப்பாடு தனி. தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். சுமார் 1,190 கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்குக் கிளம்பி, நான்காம் நாள் காலை 9.40க்குச் சேர்ந்தோம். முதல் இரண்டு நாள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஆல்பத்தை மெழுகுத்துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் மேல்தளத்தில் காற்று வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். பெயர் பல்கீஸ். இராமநாதபுரம் பக்கம். கணவர் காதர் பாய் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்.

"டீச்சரா இருக்கீகளா?"

"இல்லை. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறேன்."

"பொம்பளையா? போட்டோவா?" என்றவர் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "என்னங்க, ஜல்தி இங்கிட்டு வாங்க! அல்லா கப்பல்லயே ஆளை ஏத்தி விட்டிருக்கான்!"

அடுத்த வெள்ளிக்கிழமை, போர்ட் பிளேரில் மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் அவர்கள் மகளுக்கு நிக்காஹ். பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண் போட்டோக்காரர் வரக் கூடாது என்பதால் மூத்த மகள்கள் இருவரின் கல்யாணத்திலும் பெண்கள் பக்கத்துப் படம் ஒன்றுகூட இல்லையாம். காதர் பாய் வெகு கவனமாக நிபந்தனை சொன்னார். "நீங்களே கழுவணும். பிரிண்டும் நீங்களே போடணும். நெகட்டிவையும் எங்க கையில குடுத்துரணும். ஒரு ஆம்பளை கண்ணு படக் கூடாது."

"உங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"நான் பெத்தவன்ல, மேடம்!" என்று சிரித்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அங்கே தங்கும் பன்னிரண்டு நாளும் கேமராவைத் தொடுவதில்லை என்று ஊரிலேயே தீர்மானம் செய்திருந்தேன். ஆனாலும் கேமரா பையில்தான் இருந்தது.

சாத்தம் துறைக்குச் சேகர் தனியாகத்தான் வந்திருந்தார். "கலா சமையல்ல இருக்கா, அத்தை" என்றார், நான் கேட்காமலே. மரைன் ஹில்லுக்கு நான்கு கிலோமீட்டருக்குள்தான். இலாகா ஜீப். டிரைவர் தமிழர், அங்கேயே வளர்ந்தவர். "மெயின்லேண்ட்ல பாரிஷ் உண்டா, மாஜி? இங்க நேத்துதான் நின்னுச்சு" என்றார். மழையைக் கேட்கிறார் என்று சேகர் சொல்லிப் புரிந்தது. அந்த ஊரில் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறார்கள். வங்காளியும் மலையாளியும் தெலுங்கரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வேறு வழியில்லை.

சாப்பாடு முடிந்ததும் கலா ஆல்பத்தை வாங்கிப் புரட்டினாள். நலங்கு, ஊர்வலம், மாலை மாற்றுதல். இருபத்திரண்டாம் பக்கம் வெற்றுப் பக்கம். அதை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

"இங்க ஒண்ணும் இல்லை" என்றாள்.

"அதான் சொன்னேனே."

"சொன்னே." ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்தப் பக்கத்துக்கு உரிய படம் என் பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே இருந்தது. காட்டுவதா வேண்டாமா என்று கடல் முழுக்க யோசித்தும் முடிவுக்கு வரவில்லை. அன்றும் எடுக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் ஊரைப் பார்த்தேன். பழைய சிறையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்று சொல்வார்கள், போதாது. கார்பைன்ஸ் கோவ் கடற்கரைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே கடிகாரம் நம் ஊர்க் கணக்கு, சூரியன் வேறு கணக்கு: காலை ஐந்துக்கு வெளுத்துவிடும், மாலை ஐந்தரைக்கு முன்பே இருட்டிவிடும். கலா எங்கும் கூட வரவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள். காபியில் சர்க்கரை போதுமா என்று தினமும் கேட்டாள். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

புதன்கிழமை சாப்பிடும்போது மின்னி பே விஷயத்தைச் சொன்னேன். முடியாது என்று சொல்லி அனுப்பப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"கேமராவை எடுத்துட்டு வந்திருக்கியா?" என்றாள் கலா.

"ம்."

"அப்புறம் என்ன, போ. நீ எங்க போனாலும் வேலைக்குத்தானே போவே."

சேகர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "நீயும் கூடப் போயேன். அத்தைக்குப் பை தூக்க ஆள் வேணாமா?" என்றார்.

"நான் பை தூக்கணுமா?" என்று எழுந்து போனாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றது அவள்தான். ஃபிளாஷ் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

மின்னி பே அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம், முப்பது பைசா. கடலைப் பார்த்த தகர வீடு. முன்னால் ஆண்களுக்குப் பந்தல், உள்ளே பெண்கள். பதினான்கடிக்குப் பன்னிரண்டடி அறையில் நாற்பது பேர். மாப்பிள்ளையின் அக்கா மணமகளுக்குக் கருகமணித் தாலி கட்டினார். பல்கீஸ் மகளின் தோளைப் பிடித்தபடி பின்னால் நின்று அழுதார்; அழுதுகொண்டே, "தள்ளுங்க லாத்தா, படத்தை மறைக்கிறீக!" என்று சம்பந்தியை அதட்டினார். படத்துக்கு நிற்பது எப்படி என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஒருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் சிரியுங்கள், சிரியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எங்களைச் சிரிக்கச் சொல்லிட்டு நீங்க உம்முனு இருக்கீகளே" என்றார் பல்கீஸ்.

"எங்க அம்மா அப்படித்தான். இருக்கிற சிரிப்பெல்லாம் ஃபிலிம்லயே செலவாயிடும்" என்றாள் கலா. அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பை எடுத்தேன். பதினோரு மாதத்தில் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் கேலி அது.

நான்கரைக்கு வெளிச்சம் மங்கிவிட்டது. பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்கு நின்றோம். அடுத்த பஸ் 5.15க்கு. கலா திடீரென்று சொன்னாள்: "ஒவ்வொரு படம் எடுத்ததும் உன் கட்டைவிரல் தானா அந்தக் குமிழைத் திருகுது. நீ பார்க்கக்கூட இல்லை. ஒரு கிழவி வந்து உன் முந்தானையைப் பிடிச்சு இழுக்குறா, அப்பவும் திருகுது."

"பழைய கேமரா. திருகினால்தான் அடுத்த படத்துக்கு ஃபிலிம் நகரும். திருகாட்டாலும் பட்டனை அழுத்தினா அது பாட்டுக்கு எடுக்கும். ஒரு படத்து மேலேயே இன்னொண்ணு விழுந்துரும்."

"அப்படி விழுந்திருக்கா?"

பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலை சேகர் வேலைக்குப் போன பிறகு, அட்டைகளைப் பிரித்து அந்தப் படத்தைக் கலாவின் முன் வைத்தேன். அண்ணியின் கையிலிருந்து தண்ணீர் விழுகிறது. கலாவின் முகம் தண்ணீரைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவை, அதாவது என்னைப் பார்க்கிறது. அந்த முகத்தின் மேலேயே, பாதி கரைந்தது போல, தாலி கட்டும் சேகரின் இரண்டு கைகள்.

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஃபிளாஷ் எரியலைன்னு சொன்னே."

"பொய்."

"திருக மறந்துட்டியா?"

"ஆமா."

"இந்த வருஷம் மொத்தம் எத்தனை கல்யாணம் எடுத்தே?"

"ஐம்பத்து நாலு. நேத்தோட சேர்த்து ஐம்பத்தஞ்சு."

"மத்ததுல எத்தனை தடவை மறந்தே?"

மற்றதில் ஒருமுறைகூட மறந்ததில்லை. அதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலா எழுந்து உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஆல்பம் இருந்தது. முகம் கழுவியிருந்தாள்.

"இதுக்கு மூலை ஒட்டுற காகிதம் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். எச்சில் தொட்டு நான்கு மூலைகளையும் அவளே ஒட்டினாள். கோணலாக ஒட்டினாள். என் கை தானாக நீண்டது, மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ வந்து நின்னிருக்கலாம்மா" என்றாள், ஆல்பத்தைப் பார்த்தபடி.

"நின்னிருக்கலாம்" என்றேன்.

மீதி இருந்த மூன்று நாளும் காபிக்குச் சர்க்கரை அவளே பார்த்துப் போட்டாள். கேட்கவில்லை. கொஞ்சம் அதிகம்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கப்பல் தாமதமாகும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு, ஊரில் முன்னும் பின்னும் மூன்று நாள் வேலை எதுவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை போவது நல்லது. காய்கறி விலை நம் ஊரைவிட அதிகம், மீன் மலிவு. ஃபிலிமைத் தகர டப்பாவில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு வையுங்கள். அங்கே காற்றே ஈரம். படம் எதுவாக இருந்தாலும் பூசணம் பிடித்துவிடும், வாரம் ஒருமுறை இளவெயில் காட்ட வேண்டும். இதைக் கலாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

பல்கீஸ் அம்மாளின் படங்களையும் நெகட்டிவையும் அரக்கு முத்திரை வைத்துத் தை மாதக் கப்பலில் அனுப்பினேன். கிடைத்ததென்று எழுதியது கலா. அவள் எழுதிய இரண்டாவது கடிதம் இது. மின்னி பேயில் எல்லாரும் கூடிக்கூடிப் பார்க்கிறார்களாம். கண்ணை மூடிக்கொண்ட பெண்ணுக்குத்தான் வருத்தமாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை வெயிலில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு மூலை பிய்ந்துகொண்டது. நானே ஒட்டிவிட்டேன், முன்னைவிடக் கோணலாக. அதை நேராக்க நீ வர வேண்டாம். வந்தால் சும்மா வா."

தை, மாசி முகூர்த்தங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை. பங்குனிக்குக் கேட்டு வந்த மூன்று வீட்டாரை வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டேன். கப்பல் தேதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. கேமராவும் ஃபிளாஷும் பாட்டரியும் சேர்ந்து நாலு கிலோ இருக்கும். அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு நேற்றுப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். மிகவும் லேசாக இருந்தது. பழகிக்கொள்ள வேண்டும்.