கையசைக்கும் பெண்

எழுபதுகளின் இறுதியில், துபாயின் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர் கேம்ப்பில் என் அறையில் ஒரு வெல்டர் இருந்தார். ஒல்லியான மனிதர். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்புகள். அவர் கட்டிலுக்கு மேலே, முன்பிருந்த யாரோ விட்டுப்போன பழைய வெளிநாட்டுக் காலண்டர் படம். குட்டைப் பாவாடை காற்றில் பறக்க, ஒரு பெண் சிரித்தபடி கையசைப்பாள். டூட்டி முடிந்து வந்ததும் அதில் படிந்த மணலைத் துண்டால் துடைப்பார். அறையே கேலி செய்யும்.

ஒருநாள் நானும் கேட்டுவிட்டேன். "இதுல அப்படி என்னத்தைப் பார்க்கிறீங்க?"

"அந்த இன்னொரு கையைப் பாருங்க சார். பாவாடையைக் கசக்கிப் பிடிச்சிருக்கா. வாய்தான் சிரிக்குது. யாரையோ வழியனுப்புறா. நான் கிளம்பின அன்னைக்கு என் சம்சாரமும் பஸ் ஸ்டாண்டுல இப்படித்தான் நின்னா. சிரிக்கிறாளேன்னு நிம்மதியா ஏறிட்டேன்."

"இப்ப ஊர்ல நல்லா இருக்காங்களா?"

"அவ தவறிப்போயிட்டான்னு போன வருசம் தந்தி வந்துச்சு சார். லீவு கிடைக்கல. அவளை ஒரு போட்டோகூட எடுத்து வச்சதில்ல."

அதன்பிறகு மற்றவர்கள் அவரைக் கேலி செய்யும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். விஷயத்தை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.