அக்கா வைத்துப்போன முடிப்பு

முடிப்பை அவிழ்த்த அன்று அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். அதை முடிந்து வைத்த அக்கா இல்லை. காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்காமலே போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் துணி அது. யாருக்கோ ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய உள்துணியைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, காசு வைத்து முடிந்திருந்தாள். விழிதியூரில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், விளக்குக்குப் பின்னால் அது கிடந்தது.

அவள் தைத்த காசில் படித்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். துக்கத்தில் வேறென்ன செய்வதென்று தெரியாமல் அகராதியைப் புரட்டினேன். முடிப்பு என்றால் துணியில் முடிந்த பணம், பணப்பை. முடிதல் என்றால் கட்டுதல். தோலும் ஜிப்பும் வருவதற்கு முன் நம்மவர்கள் காசெல்லாம் வேட்டி நுனியிலும் சேலைத் தலைப்பிலும் முடிச்சாகத்தான் இருந்திருக்கிறது. கிழித்த துணியில் கட்டியதால் கிழி என்றும் பெயர்; புலவர்களுக்குக் கொடுத்த பொற்கிழி அதுதான். இன்றைக்கு மேடையில் காசோலையை நீட்டினாலும் ‘பண முடிப்பு வழங்கினார்’ என்றுதான் செய்தி வருகிறது.

அக்கா சொன்ன பொருள் அகராதியில் இல்லை. அவள் இருந்தபோது ஒருநாள் அதை எடுத்துக் குலுக்கி, “இந்தப் பர்சுல எவ்ளோக்கா இருக்கு?” என்று கேட்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“பர்சுன்னா தொறக்குறதுக்குடா. முடிப்புன்னா தொறக்காம இருக்குறதுக்கு.”

“எந்தச் சாமிக்கு?”

“வெளில சொன்னா பலிக்காது. போய்ப் படி, தொரை.”

அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்கு வேலை உத்தரவு வந்ததும் அம்மா அதற்குத்தான் அவள் நேர்ந்தாள் என்று முடிவுகட்டிவிட்டாள். “செலுத்திரணும்டா. அவளக் கடன்காரியா விட முடியாது” என்று அழுதாள். எங்கே செலுத்துவது? வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவள் அக்கா. வியாழக்கிழமைகளில் நாகூர் தர்காவுக்கும் போவாள். ஊர் மாரியம்மன் எப்போதும் உண்டு. “மூணு எடத்துலயும் கேட்டுருப்பா அண்ணி, எங்கயாச்சும் ஒரு காதுல வுழாதான்னு” என்றார் சித்தப்பா. அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் அதை முடிந்த நாட்களில்தான் காய்ச்சல் விட்டுவிட்டு வர ஆரம்பித்திருந்தது. தனக்காகவே கேட்டிருந்தால்? உயிரைக் கேட்டு, அது கிடைக்காமல் போயிருந்தால், இந்தக் காசை யாருக்குத் தரவேண்டும்? அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. அம்மா பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒரு பத்து ரூபாய் நாணயம், ஒரு ஒற்றை ரூபாய். சித்தப்பா கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி இன்னும் இரண்டு ஜோடி மாற்றிவந்தார். அவள் காசு எந்தச் சாமிக்குப் போனது என்று தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் குறையாகிவிடும் என்று, அம்மா எல்லாவற்றையும் மடியில் போட்டுக் குலுக்கினாள். நான் தடுப்பதற்குள் கலந்துவிட்டது. எது அக்கா தொட்ட காசு என்று இனிமேல் யாராலும் சொல்லமுடியாது.

மாரியம்மனுக்குப் பதினொன்று, நாகூருக்குப் பதினொன்று, வேளாங்கண்ணிக்குப் பதினொன்று. மொத்தம் முப்பத்துமூன்று ரூபாய்.