உளி வைத்துத் திறந்த கம்ப்யூட்டர்

சிதம்பரத்தில் நான் தீசிஸ் டைப் செய்யும் கடை வைத்திருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் போனேன். முன்கையெல்லாம் தகரம் கிழித்த தழும்பு. கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவார். அவர் மேசையில் இருந்த, அவரே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு மூடியே கிடையாது.

நான் தூக்கிப்போனது ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர்ப் பெட்டி. பவர் சப்ளை கருகிவிட்டது. மறுநாள் பைண்டிங்குக்குப் போகவேண்டிய மூன்று தீசிஸ் அதற்குள் இருந்தன. வேறு காப்பி இல்லை.

“வேற பவர் சப்ளை போட முடியாதாண்ணே?”

“அந்தக் கம்பெனிக்காரன் குடுக்கிறதத்தான் போடணும். கடையில விக்கிறத மாட்டுனா போர்டும் போயிடும். மெட்ராஸ்லேந்து வர பாஞ்சி நாளாவும்.”

மூடியின் ஸ்க்ரூவுக்கு அவரிடமிருந்த எந்த டிரைவரும் பொருந்தவில்லை. வாயிலிருந்த ஸ்க்ரூக்களைத் துப்பிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

“வாரண்டி போயிடும்ணே!” என்று கையைப் பிடித்தேன். நெஞ்சில் கைவைத்து என்னைச் சுவரோடு தள்ளினார். உளியை வைத்து நான்கே அடி. மூடி பிளந்தது, அவர் மணிக்கட்டும் கிழிந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட ஹார்ட் டிஸ்க்கை உருவித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். மூன்று தீசிஸும் திறந்தன.

அப்புறமும் திரும்பி வந்து பெட்டியை அடித்தார்.

“அதான் வந்துடிச்சேண்ணே, இன்னும் ஏன் அடிக்கிறீங்க?”

“யோவ், காசு குடுத்து வாங்குனது நீ. தொறக்கிறதுக்கு அவன் வரணுமா?” சுத்தியலை என்னிடம் நீட்டினார். “இந்தா, நீ ஒண்ணு போடு.”

வாங்கி ஓங்கிப் போட்டேன். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் அவர்தான் என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.