துரு தின்ற ஜீப்பில் ஒரு மாப்பிள்ளை: மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு

உலக யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அந்த யுத்தத்தில் பட்டாளக்காரர் ஓட்டிய ஜீப் ஒன்று, பல கை மாறி, சென்ற ஆவணியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. முரசுமோட்டையில் குடியேற்றக் காணி கிடைத்த நாளிலிருந்து நெல் மூடை ஏற்ற ஒரு வண்டி வேண்டுமென்று என் மனைவி பாக்கியத்துக்கு ஆசை. வவுனியாவில் ஒரு மர வியாபாரியிடம் அதை வாங்கிக்கொண்டு விடியற்காலை ஆறு மணிக்கு இருவரும் வீட்டுக்குப் புறப்பட்டோம். புதிதாக அடித்த பச்சைப் பெயின்ற் பளபளத்தது. அதில்தான் மயங்கினோம்.

மாங்குளம் முப்பது மைல். அதற்குள் இருமுறை எஞ்சின் நின்றது. பெற்றோல் தாங்கிக்குள் துரு உதிர்ந்து குழாயை அடைத்திருந்தது. கழற்றி வாயால் ஊதிப் பூட்டினால் மறுபடி ஓடும். மாங்குளத்துக்குக் கிட்ட வந்தபோது சைலன்சரும் துருவேறி அறுந்து விழுந்தது. ஜீப் வெடி போட்டுக்கொண்டே சந்திக்குள் நுழைய, தேநீர்க்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவன் கோட்டுச் சூட்டுப் போட்டிருந்தான். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணை, முல்லைத்தீவுப் பக்கம் போறியளோ? பத்து மணிக்கு அங்க மாதா கோயில்ல எனக்குக் கலியாணம். ரெயில் பிந்திப்போச்சு, பஸ்ஸும் போயிட்டுது!"

பெயர் சேவியர். மன்னார்ப் பொடியன், கொழும்பில் வேலை. வீட்டார் முன்னமே போய்விட்டார்கள். லீவு கிடைக்காததால் இவன் தனியே வந்திருக்கிறான். கூறைச்சேலையும் தாலியும் அந்தப் பெட்டிக்குள்.

எங்கள் வழி வடக்கே. முல்லைத்தீவோ கிழக்கே, இன்னொரு முப்பது மைல். நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் சொல்லிவிட்டாள்: "ஏறும் தம்பி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

காட்டுக்குள் செம்மண் கிறவல் றோட்டு. புழுதி, வெயில், மரங்களில் குரங்குக் கூட்டம். எனக்கு ஒரே குதூகலம். பின்னால் இருக்கை இல்லை. சக்கர மேட்டில் குந்தியிருந்த சேவியர், இரவெல்லாம் ரெயிலில் விழித்த களைப்பில், அந்தச் சத்தத்திலும் தூங்கிவிட்டான்.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பின்னுக்கு றோட்டுத் தெரியுது. பெட்டியைக் காணேல்லை!"

துருப்பிடித்த அடித்தகடு இற்று, பெட்டியோடு விழுந்துவிட்டது. திடுக்கிட்டு விழித்த சேவியர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். ஜீப்பைத் திருப்பினேன். ஒரு மைல் போனதும் வளைவில் பெட்டி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு யானை.

தூரத்திலேயே நிறுத்தினேன். யானை தும்பிக்கையால் பெட்டியை ஒரு புரட்டுப் புரட்டியது. "மாதாவே!" என்றான் சேவியர். பின்னுக்கு எடுக்க நினைத்து அக்சிலேற்றரை மிதித்தேன். சைலன்சர் இல்லாத எஞ்சின் படாரென்று வெடித்தது, மறுபடியும் வெடித்தது. யானை காதை விரித்து ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

பெட்டி நெளிந்திருந்தது, சேலையில் ஒரு கீறலும் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பாக்கியம் சிரிக்கத் தொடங்கினாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

கோயில் கண்ணில் பட்டபோது பிறேக் பிடிக்கவில்லை. அதன் குழாயும் துருவில் ஓட்டையாகியிருந்தது. கடற்கரை மணலுக்குள் விட்டுத்தான் நிறுத்தினேன். பத்து மணி அடிக்கக் கால் மணி இருந்தது. மாப்பிள்ளையை இறக்கியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுபோனார்கள்.

பூசையும் விருந்தும் முடிந்த பிறகு, பெண்ணின் தகப்பன், மீன்பிடிகாரர், ஒரு பழைய வள்ளப் பலகையை அறுத்து அடித்தகட்டு ஓட்டைக்கு மேல் போட்டு இறுக்கித் தந்தார். "கடலுக்குத் தாங்கின பலகை, உங்கட றோட்டுக்குத் தாங்காதோ?" பிறேக் குழாயை மறுநாள் மாற்றிக்கொண்டு, புதுக்குடியிருப்பு வழியாக வீடு திரும்பினோம்.

பழைய ஜீப் வாங்க நினைக்கிறவர்கள் பெயின்றைப் பார்க்காதீர்கள். கீழே படுத்துப் பாருங்கள். அடித்தகட்டைச் சாவியால் தட்டுங்கள்; 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே துருதான். பிறேக் குழாயை எல்லாவற்றுக்கும் முதல் மாற்றுங்கள். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் காட்டு வழியில் இறங்கவே வேண்டாம்.

வீட்டுக்குக் கிட்ட வந்ததும், "இதை வித்துப்போடுவமோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் பாக்கியம். "நத்தார்ப் பெருநாளுக்குச் சேவியர் வீட்டார் மன்னாருக்கு வரச் சொல்லியிருக்கினம். ஜீப்பிலதான் வருவம் எண்டு சொல்லிப்போட்டன்."